நெருக்கமான புள்ளிகள்

ஏப்ரல் 3, வியாழன்

இன்று நகராட்சியில் எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவில். மின்விசிறி ஒன்று இருக்கிறது, ஓடவில்லை. அதைச் சரிசெய்யச் சொல்லி யாரிடம் கேட்பது என்று விசாரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

வேலை இதுதான். கோடை வந்துவிட்டது. ஊரில் பாதிக் குழாய்களில் காற்றுதான் வருகிறது. தண்ணீர் வராத வீடுகளுக்கு ஆள் அனுப்பி, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, ஒவ்வொரு வீட்டின் இடத்தையும் செல்போனில் குறித்து வைத்திருக்கிறார்கள். அதை நான் இணையத்தில் ஒரு வரைபடமாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பொறியாளர் ஜெபசிங் திங்கட்கிழமைதோறும் அதைப் பார்த்து, எந்தப் பக்கம் எந்தத் தண்ணீர் லாரி போவது என்று முடிவு செய்வார். சிவப்பு எங்கே அதிகமோ அங்கே லாரி.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க நகராட்சியிடம் வழியில்லை. திறந்த மூலக் கருவிகள் மட்டும்தான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். லீஃப்லெட், ஓப்பன்லேயர்ஸ், மேப்லிபர். மூன்றும் இணையத்தில் வரைபடம் காட்டுகிற கருவிகள், மூன்றில் ஒன்று. எதைப் போட்டாலும், மற்றதைப் போட்டிருக்கலாமே என்று கேட்க ஒரு ஆள் எங்கிருந்தாவது வரும். பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், வராமல் இருந்ததில்லை.

மாலையில் முப்பிடாதி மைனி போன் செய்திருந்தார். அண்ணன் மனைவி. அண்ணன் மனைவியாக இருந்தவர் என்று எழுத வேண்டுமோ என்னவோ. கை வேலையாக இருந்தது, எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

லீஃப்லெட்டில் ஆரம்பித்தேன். நல்ல பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி செய்யும், கூடக் குறையப் பேசாது. ஒரு வார்டின் புள்ளிகளைக் கொடுத்தபோது சிரித்த முகமாகப் போட்டுக் காட்டியது. ஊர் முழுவதையும் கொட்டியதும், கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பரிமாறுகிறவர் மாதிரி சோர்ந்து போய்விட்டது. வேகப்படுத்தச் சில வழிகள் உண்டு. செய்தேன். பரவாயில்லை, அவ்வளவுதான். மொத்தத் தரவையும் முதலிலேயே இறக்கியாக வேண்டும் என்பதுதான் சிக்கல். லாரி ஓட்டுநர்களும் இதைப் போனில் பார்க்க வேண்டுமாம். அவர்கள் போன்களை நான் பார்த்தேன். பாவமாக இருந்தது.

சமைக்கவில்லை. மோர் சாதமும் மாவடுவும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஓப்பன்லேயர்ஸ். பெரிய வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி. எல்லாக் கதவுக்கும் இதில் சாவி இருக்கிறது. நமக்கு வேண்டிய கதவுக்கு எது என்று தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. பத்து வருடம் முன்னால் என்றால் ஆசையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்திருப்பேன். இப்போது சாப்பிட உட்கார்ந்தாலே தூக்கம் வருகிறது.

பொறியாளர் அறைக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா வடிவு, எதுன்னு முடிவாயிட்டா?"

"ஒவ்வொண்ணையும் போட்டுப் பாத்துட்டுதான் சார் சொல்ல முடியும்."

"ஜவுளிக் கடைக்குப் போன எங்க வீட்டம்மா மாதிரியே பேசுதீய. இருவத்தொண்ணாம் தேதி திங்கக்கெழமை என் ரூம் டிவில படம் வந்துரணும். பளிச்சுன்னு இருக்கணும், போட்ட உடனே தெரியணும். சக்கரம் சுத்திக்கிட்டே நிக்கப்படாது, சொல்லிட்டேன்."

"சரி சார்."

அவருக்குப் பின்னால் லாரி ஓட்டுநர் ஒருவர் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றார். நயினார். மைனியின் இப்போதைய கணவர் அவர்தான். இந்த அலுவலகத்துக்கு வரும்போது, அவர் இங்கேதான் லாரி ஓட்டுகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த வேலையை எடுத்திருப்பேனா என்று யோசித்தேன். எடுத்திருப்பேன், வேலை வேலைதானே. அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை அண்ணனுடையது மாதிரி இருந்தது. கட்டம் போட்ட சட்டை ஊரில் யாரிடம்தான் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கரண்ட் இல்லை. மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன.

ஏப்ரல் 12, சனி

மேப்லிபர் வேகம்தான். படம் விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகிறது. பார்த்ததும் எனக்கே கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் தமிழ் எழுத்து உடைகிறது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். கோயில் தெரு என்று நான் கொடுத்தால், பல் விழுந்த ஆள் வாசிப்பது மாதிரி வருகிறது. சரிசெய்ய வழி தேடினேன். இருக்கிறது, ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் என்னிடம் இல்லை.

தெருப் பெயர்களையே எடுத்துவிட்டேன். வார்டு எண் மட்டும் போதும், எண்கள் உடையாது. தெருப் பெயர் தெரியாத ஆளா பொறியாளர்? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

மைனியிடமிருந்து மறுபடியும் போன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. விடுமுறை. வேப்பம்பூ ரசம் வைக்கலாம் என்று நினைத்துக் கடைசியில் பருப்பு ரசமே வைத்தேன்.

அண்ணன் இருந்தவரை சித்திரை ஒன்றாம் தேதி மத்தியானச் சாப்பாடு பீடிக் காலனியில்தான். ரயில்வே லைனைத் தாண்டி, பீடித் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்த வீடுகள். சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் தாளித்தால் ஏழு வீட்டில் தும்முவார்கள். மைனி மடியில் முறத்தை வைத்து இலை சுருட்டிக்கொண்டே எனக்குப் பரிமாறச் சொல்லி அபிநிஷாவை விரட்டுவார். அண்ணன் மகள். அப்போது அவளுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது, பாயசத்தைப் பாயிலேயே ஊற்றுவாள்.

அண்ணன் போன மறு வருடம் மைனி நயினாரைக் கல்யாணம் செய்துகொண்டார். கோயிலில் மாலை மாற்றி, நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு. எனக்குச் சொல்லி அனுப்பினார். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. வயசு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, தனியாக எப்படி? நானே தனியாக இருக்கிறவள்தான், எனக்குத் தெரியாதா? யாரிடமும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக நேரம் அமையவில்லை, அவ்வளவுதான்.

அபி ஆறாவது போயிருப்பாள். ஏழாவதாகக்கூட இருக்கலாம்.

ஏப்ரல் 17, வியாழன்

மேப்லிபர் என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்ததும் நிம்மதி வரும் என்று பார்த்தால், முதுகு வலிதான் வந்தது.

இதற்குப் படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டித் தயாராக வைக்க வேண்டும். டைல் என்போம். போன் தனக்கு வேண்டிய சதுரத்தை மட்டும் இறக்கிக்கொள்ளும், அதனால்தான் வேகம். வெட்டுவதற்குத் தனியாக ஒரு கருவி இருக்கிறது. ஒரு சதுரத்தின் கனம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்பது அதன் சட்டம். ஊர் முழுவதும் தெரிகிற சதுரம் தாண்டிவிட்டது. வெட்டவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. ஓட்டினேன், நின்றது. மறுபடி ஓட்டினேன், நின்றது. காலை முழுவதும் இதே பிழைப்பு.

கையேட்டில் தேடியபோது ஒரு கட்டளை கிடைத்தது. மிக நெருக்கமாக இருக்கும் புள்ளிகளைத் தேவைக்கேற்ப விட்டுவிடு என்பது அதன் பொருள். கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாப் புள்ளியும் இருக்கும். தள்ளி நின்று ஊரையே பார்க்கும்போது மட்டும், நெருங்கி நிற்பவற்றில் சிலவற்றைக் காட்டாது. எல்லாரும் பயன்படுத்துகிற கட்டளைதான். அதைச் சேர்த்தேன். ஒரே மூச்சில் வெட்டிக் கொடுத்துவிட்டது.

பிறகு ஒவ்வொரு வார்டாகக் கிட்டே போய்ப் புள்ளிகளைச் சரிபார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம், தேரடி, புது நகர்கள், மில் ரோடு, எல்லாம் சரி. லைனுக்கு அந்தப் பக்கம் வடகிழக்கு மூலை மட்டும் பார்க்கவில்லை. கண் எரிந்தது. மற்றதெல்லாம் சரியாக இருக்கும்போது அது மட்டும் ஏன் தப்பாக இருக்கப் போகிறது?

ஏப்ரல் 21, திங்கள்

படம் டிவியில் வந்தது. போட்ட உடனே வந்தது. பொறியாளர் முகத்தில் பல் தெரிந்ததை இன்றுதான் பார்க்கிறேன்.

அவர் வேலை செய்கிற விதம் ஒன்று இருக்கிறது. நாற்காலியை விட்டு எழ மாட்டார், மவுஸைத் தொட மாட்டார். பழைய ரேடியோ ஆன்டெனா ஒன்றை நீட்டி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே டிவியில் தட்டித் தட்டிக் காட்டுவார். ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்தால் போதும், கிட்டே போய்ப் பார்க்கிற வேலையெல்லாம் அவருக்கு இல்லை. "இங்கன செவப்பா கெடக்கு, ஒண்ணாம் நம்பர் லாரி. இங்கன, ரெண்டு, மூணு. நயினாரு, நாலாம் நம்பர எடுத்துக்கிட்டு மேக்க நகர் பக்கம் போயிருங்க." ஓட்டுநர்கள் டிவியைப் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள்.

"படம் பிரமாதம்மா," என்றார் என்னிடம். "கண்ணுல ஒத்திக்கிடலாம் போல இருக்கு."

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன். இந்த மாதிரி ஒரு வார்த்தை கேட்டு நாளாயிற்று.

எல்லாரும் போன பிறகும் நயினார் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பையில் வைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் வந்ததும் நயினார் என் அறை வாசலில் நின்றார்.

"மேடம், ஒரு நிமிசம். எங்க தெருப் பக்கம்..."

"எதுவா இருந்தாலும் இன்ஜினியர்ட்ட சொல்லிருங்க. நான் மேப் போடுற ஆளுதான்."

"சொன்னேன் மேடம். அவரு டிவியக் காட்டுதாரு. நீங்க ஒருக்கா..."

"வேலை இருக்கு. அப்புறம் பாப்போம்."

சரி என்று போய்விட்டார். குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்தியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் தெருவைப் பற்றி என்னிடம் வந்து ஏன் பேச வேண்டும்? வீட்டு விஷயத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவருகிற ஆட்களை எனக்குப் பிடிப்பதில்லை.

மத்தியானம் மைனி போன். பிறகு இன்னொரு தடவை. புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

இரண்டாவது திங்கள். அதே டிவி, அதே ஆன்டெனா. இன்று ஒரு மாற்றம். மில் ரோட்டுப் பெண்கள் சனிக்கிழமை காலிக் குடங்களோடு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து பஸ்ஸை மறித்துவிட்டார்கள். நேற்றே அங்கே லாரி போய்விட்டது. பொறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேப்புல செவப்பா இருக்கணும், இல்ல ரோட்டுல குடத்தோட உக்காரணும். ரெண்டுல ஒண்ணு பண்ணுத தெருவுக்குத்தான் லாரி." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 30, புதன்

மைனி வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். நீளமானது. சாயங்காலம் கேட்கலாம்.

மே 1, வியாழன்

கேட்கவில்லை. விடுமுறை நாளில் எதற்கு?

மே 2, வெள்ளி

நாலாம் நம்பர் லாரி காலையிலிருந்து ஷெட்டிலேயே நின்றது. நயினார் வரவில்லை. பிறப்பு இறப்புப் பதிவில் இருக்கிற அம்மா சொன்னார்: "அவரு பிள்ளைக்கு வயித்தால போயி, பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காவளாம்."

அவருக்கு ஏது பிள்ளை என்று கேட்க வாயைத் திறந்தேன். பிறகுதான் உறைத்தது.

காலனியில் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு அதே மாதிரி என்றார் அந்த அம்மா. குழாயில் தண்ணீர் நின்று மாதக் கணக்காகிறதாம். லாரியும் வரவில்லையாம். கல்குவாரிக் குட்டையில் மொண்டு குடித்திருக்கிறார்கள்.

லாரி ஏன் வரவில்லை? படத்தைத் திறந்தேன். ஊர் முழுவதும் தெரிகிறது. வடகிழக்கு மூலையில், லைனுக்கு அந்தப் பக்கம், மூன்றே மூன்று புள்ளி. மூன்று வீட்டுக்கு யார் லாரி அனுப்புவார்கள்? கிட்டே போனேன். மூன்று, பத்தானது. இன்னும் கிட்டே. பத்து, நூறானது. இன்னும் கிட்டே போனதும் காலனி முழுவதும் வந்து நின்றது. வரிசை வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக. எல்லாமே சிவப்பு.

ஊரிலேயே மிக நெருக்கமாக வீடுகள் இருக்கிற இடம் அதுதான். நெருக்கமாக இருப்பவற்றை விட்டுவிடு என்று நான் சொன்னேன், அது விட்டுவிட்டது. கருவியைக் குறை சொல்ல முடியாது. மேற்கே நகர்களில் வீட்டுக்கு வீடு தோட்டம், கார் நிறுத்த இடம். அங்கே ஒரு புள்ளிகூடப் போகவில்லை, தள்ளித் தள்ளி இருப்பதால் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. அங்கே இரண்டு வாரமாக லாரி போகிறது. காலனியின் பெயராவது படத்தில் இருந்திருந்தால், இந்த ஊர்க்காரரான பொறியாளருக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். பெயரையும் நான்தான் எடுத்தேன்.

நான் சரிபார்க்காமல் விட்டது ஒரே ஓர் இடம். அது ஏன் அந்த இடம் என்று யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மைனி பேசி அனுப்பியதைக் கேட்டேன். சண்டை எதுவும் இல்லை. தண்ணீர் பற்றித்தான். "ஏட்டி வடிவு, சாப்டியா" என்று ஆரம்பிக்கிறார்.

மே 3, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மைனி துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்த நேரம். அப்படித்தான் அமைந்தது.

அபிக்குக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெடித்திருக்கிறது. கண்டம் தாண்டிவிட்டாள், திங்கட்கிழமை அனுப்பிவிடுவோம் என்று நர்ஸ் சொன்னார். பக்கத்துக் கட்டிலிலும் அடுத்த கட்டிலிலும் காலனிப் பிள்ளைகள். அபி அண்ணன் சாயல். நெற்றியும் காதும் அப்படியே. இவளைப் பார்க்காமல் இத்தனை நாள் எப்படி இருந்தேன் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

நயினார் எழுந்து எனக்கு ஸ்டூலைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

"நீங்க லாரியக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாமே," என்றேன். அவரிடம் நானாகப் பேசிய முதல் வாக்கியம். அதிலும் பழிதான்.

"வண்டியில ஜிபிஎஸ் மாட்டிருக்காவளே மேடம். தடம் மாறுனா மெமோ. ரெண்டு குடம் மட்டும் சீட்டுக்குக் கீழ வெச்சுக் கொண்டுபோவேன். முப்பிடாதி அத அடுத்த வீட்டுக் கைப்பிள்ளக்காரிக்குக் குடுத்துருவா."

அபி என் போனைக் கேட்டாள். படத்தைக் காட்டினேன். சின்ன விரலால் விரித்து விரித்து, நேற்றுவரை நான் போகாத இடத்துக்கு ஒரு நொடியில் போய்விட்டாள்.

"அத்தை, இது எங்க வீடுதானே? முக்குல இருக்கு பாருங்க."

"ஆமாட்டி."

"செவப்புன்னா தண்ணி இல்லன்னு அர்த்தமா?"

"ஆமா."

"எங்க வீடு செவப்பாத்தானே இருக்கு. பெறவு ஏன் லாரி வரல?"

நயினார்தான், "பேசாமப் படுட்டி, ஊசி விலகிரும்," என்று போனை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

மே 4, ஞாயிறு

லீஃப்லெட்டுக்கே திரும்பிவிட்டேன். எந்தப் புள்ளியையும் விடாது. நெருக்கமாக இருந்தால் நெருக்கமாகவே போடும். மெதுவாகத்தான் வரும், வரட்டும். மேப்லிபரிலும் எதையும் விடாமல் செய்யலாம், பக்குவமாக வெட்டப் பொறுமை வேண்டும். நாளைக்குள் எனக்குத் தெரிந்த வழி இதுதான். தெருப் பெயர்களையும் போட்டேன். பீடித் தொழிலாளர் காலனி என்று கொம்பு, கால், புள்ளி எதுவும் குறையாமல் வருகிறது.

இட்லி வாங்கி வைத்தேன். சாப்பிட முடியவில்லை.

மே 5, திங்கள்

டிவியில் சக்கரம் சுற்றியது. பொறியாளர் ஆன்டெனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு புள்ளிகள் மேற்கிலிருந்து மெதுவாக வர ஆரம்பித்தன. கடைசியாக வடகிழக்கு மூலை நிரம்பியது. நிரம்பி, நிரம்பி, ஒரே சிவப்பாகிவிட்டது.

"என்னம்மா இது? மூலையில மைய கொட்டுன மாதிரி கெடக்கு. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா? அத மொதல்ல அழிங்க."

"மை இல்ல சார், வீடு. பீடிக் காலனி."

"போன வாரம் மூணு புள்ளிதானே இருந்துச்சு?"

"படம் வேகமா வரணும்னு நெருக்கமா இருக்குற வீடுகள விட்டுட்டேன் சார். நான் விட்டதுதான்."

நயினார் தரையைப் பார்த்தார். பொறியாளர் எழுந்து, முதல் தடவையாக டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார்.

"நாலும் ஆறும் காலனிக்கு," என்றார். "இப்பவே. ரெண்டு நடை." பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆய்வுக்குப் பெரிய அதிகாரிங்க வாறாவ. அன்னைக்கு மட்டும் பழைய படத்தப் போட்டுருங்க. இது சுத்திக்கிட்டே நிக்கி, அசிங்கமா வேற இருக்கு."

"பழைய படத்த இனிமே போட முடியாது சார்."

"அப்போ அடுத்த மாசத்துக்கு வேற ஆள் பாத்துக்கிடுதோம்."

"சரி சார்."

என்னிடம் எதிர்த்துப் பேசத் தெம்பு இருந்தது, போட முடியாது என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். இதைவிட நல்ல வேலை உடனே கிடைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

மே 6, செவ்வாய்

நாலாம் நம்பர் லாரிக்குப் பின்னாலேயே வண்டியில் காலனிக்குப் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். கேட் திறந்துவிட்டது.

லாரியைக் கண்டதும் பிளாஸ்டிக் குடங்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. தெரு முழுக்கப் பச்சையும் மஞ்சளும் நீலமுமாகக் குடங்கள். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். மைனி டியூபைப் பிடித்து எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்தார். வரிசையில் சண்டை போட்ட இரண்டு பேரைத் திட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். அபி வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாரோ ஒரு பாட்டி குடத்தைத் தூக்க முடியாமல் நின்றார், வாங்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் வைத்தேன். பிறகு இன்னொருவர் குடம். அப்படியே கொஞ்ச நேரம் போனது.

வரிசையில் நின்ற ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏக்கா முப்பிடாதி, இவியதான் உங்க நாத்தனாவா? மேப்புக்காரவிய?"

மைனி டியூபிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா," என்றார். "நீ குடத்த வை."

அவள் வைக்கவில்லை. என்னிடம் திரும்பினாள்.

"மில் ரோட்டுக்காரிய ரோட்டுல உக்காந்த அன்னைக்கே நாங்களும் கெளம்பிட்டோம்க்கா. குடத்த எல்லாம் எடுத்தாச்சு, முக்கு வரைக்கும் போயாச்சு. இந்த அக்காதான் குறுக்க விழுந்து மறிச்சாவ. 'எங்க நாத்தனாதான் அந்த மேப்பப் போடுதா. அவளுக்கு நம்ம தெரு தெரியும், அவ அண்ணன் வாழ்ந்த தெரு, விட்டுற மாட்டா. நாம ரோட்டுல போயி உக்காந்தா, மேப்பு தப்புன்னு அவ வேலைக்குல்லா உலை வெச்சிருவாவ'ன்னாவ. நாங்களும் சரின்னு திரும்பி வந்துட்டோம். அதுக்குப் பெறவுதான் குவாரிக்குப் போனோம்."

மில் ரோட்டுக்கு மறுநாளே லாரி போனது. இவர்களும் அன்றைக்கு உட்கார்ந்திருந்தால் இவர்களுக்கும் வந்திருக்கும். ஒரு பிள்ளையும் குட்டைத் தண்ணீரைக் குடித்திருக்காது. என்னை நம்பித் திரும்பி வந்திருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு, அது நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நடுத்தெருவில் நின்று அழுதேன். இத்தனை வருடத்தில் அண்ணனுக்குக்கூட அப்படி அழவில்லை. யாரும் என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கு நேரம்? அதுவும் சரிதான்.

லாரி காலியானதும் நயினார் டியூபைச் சுருட்ட வந்தார். மைனி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்து நின்றார்.

"மைனி," என்றேன். "இனிமே என்னைய நம்பிக்கிட்டு இருக்காதீய. தண்ணி வரலன்னா நேரா ரோட்டுக்குப் போயிருங்க."

"போகத்தான் போறோம்," என்றார் மைனி. "அன்னைக்கு முத ஆளா நீ வந்து எங்கூட உக்காரணும்."